கோல்கொண்டாவின் காது

ஜனவரி 9, 1944. பம்பாய்

போர்க்கப்பலில் நாட்குறிப்பு எழுதக்கூடாது என்று உத்தரவு. எதிரி கையில் சிக்கினால் ஆபத்தாம். என் தமிழை ஜப்பான்காரன் எழுத்துக்கூட்டிப் படிக்கப் போகிறான் என்றால் தாராளமாகப் படித்துக்கொள்ளட்டும். இங்கே யாராவது கேட்டால் ஜெபக்குறிப்பு என்பேன். பாளையங்கோட்டை உபதேசியார் மகன் சொன்னால் நம்புவார்கள்.

இன்று எங்கள் கப்பலுக்குக் கொடி ஏற்றினார்கள். எச்.எம்.ஐ.எஸ். கோல்கொண்டா. கொர்வெட் வகை. சரக்குக் கப்பல் கூட்டத்தை, அதாவது கான்வாயை, சுற்றிச் சுற்றி ஓடிக் காவல் காக்கிற சின்னக் கப்பல். ஸ்காட்லாந்தில் கட்டி, ஏதோ ஓர் ஆங்கிலப் பூவின் பெயர் வைத்து வடகடலில் ஓட்டிவிட்டு, இப்போது நம் கடற்படைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பழைய பெயரைச் சுரண்டிச் சாயம் அடித்தாயிற்று. மணியில் மட்டும் அந்தப் பூவின் பெயர் இன்னும் இருக்கிறது. வேறு மணி வார்க்க யாருக்கு நேரம்?

என் வேலை அஸ்டிக். கப்பலின் அடியிலிருந்து தண்ணீருக்குள் ஓர் ஒலியை அனுப்புவோம். அது நீர்மூழ்கியில் முட்டினால் எதிரொலி திரும்பி வரும். மேல்தளத்தில் சின்ன அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திசை திசையாகக் கேட்க வேண்டும். எதிரொலியின் சுருதி ஏறியிருந்தால் எதிரி நெருங்குகிறான், இறங்கியிருந்தால் விலகுகிறான். பயிற்சிப் பள்ளியில் இரண்டு இரண்டு சுருதியாக வாசித்து எது மேல், எது கீழ் என்று சோதித்தார்கள். நான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. கோயில் பாடகர் குழுவில் சும்மாவா நின்றேன்?

அந்தச் சோதனையில் இரண்டாவதாக வந்தவனும் இதே கப்பலில்தான். பெரம்பூர் ஏகாம்பரம். தந்தி ஆபீசில் இருந்தவன். எந்நேரமும் சினிமாப் பாட்டு விசில். எங்கள் அதிகாரி லெப்டினன்ட் பிரைஸ் இருவரையும் நிற்கவைத்து, “உங்களில் ஒருவன் வருஷத்துக்குள் லீடிங் ஆவான்” என்றார். லீடிங் என்றால் பதவி உயர்வு, சட்டைக் கையில் நங்கூரம். அது எனக்குத்தான்.

பிப்ரவரி 2. திரிகோணமலை

நம்முடைய நீர்மூழ்கி ஒன்றை ஒளிந்துகொள்ளச் சொல்லி, எங்களைத் தேடவிட்டார்கள். அரைமணிக்கு ஒருவர் மாறி உட்கார வேண்டும், காது களைத்துவிடும் என்பதால். என் முறையில் கடல் காலி. ஏகாம்பரம் உட்கார்ந்து ஹெட்போனைச் சரிசெய்வதற்குள் “எக்கோ!” என்று கத்துகிறான்.

நான் சலித்துவைத்த கடலில் அவன் மீன் பிடித்துவிட்டான். லெப்டினன்ட் அவன் முதுகில் தட்டினார்.

சாப்பாட்டு மேஜையில் என் தட்டில் அவனே பருப்பு ஊற்றிக்கொண்டு, “இன்னா அருளு, மூஞ்சி இப்டி தொங்குது? அடுத்த தபா நீ புடி, நான் கை தட்றேன்” என்றான்.

“நீ ஒண்ணும் தட்டாண்டாம் வே. நான் பிடிக்கப்போ பாரு” என்றேன்.

வயிறு எரிகிறது. பருப்பினால் அல்ல.

பிப்ரவரி 3

துணி துவைத்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை.

மார்ச் 14. கொழும்பிலிருந்து ஏடனுக்கு, கான்வாயோடு

இன்றைய தினத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

காலையில் ஏகாம்பரம் ஓர் எதிரொலி பிடித்தான் (மறுபடியும் அவன்தான்). அபாய மணி அடித்தது. தாக்குதல் நேரத்தில் இரண்டு பேரும் அறைக்குள் இருப்போம். ஒருவன் கருவியில், மற்றவன் பக்கத்தில் உதவிக்கு. முறைப்படி நான் கருவியில் உட்கார்ந்தேன். கப்பல் பாய்ந்தது. பின்தளத்திலிருந்து ஆழக்குண்டுகளை உருட்டிவிட்டார்கள். பீப்பாய் மாதிரி இருக்கும். தண்ணீருக்குள் இறங்கி வெடிக்கும். வெடிக்கும்முன் ஹெட்போனைக் கழற்ற வேண்டும் என்பது பள்ளியில் கற்றுத்தந்த முதல் விதி. வெடித்து ஓய்ந்ததும் மாட்டிக்கொண்டு மறுபடி தேட வேண்டும். அந்த இடைவெளியில்தான் நீர்மூழ்கி நழுவுகிறான்.

ஏகாம்பரம் கருவியை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நின்றான். நான் கழற்றினால், மறுபடி மாட்டுகிற அந்தக் கணத்தில் இன்னொரு ஹெட்போனில் அவன் முந்திவிடுவான் என்று எனக்குத் தெரியும். நான் கழற்றவில்லை.

அந்தச் சத்தத்தை எழுத வார்த்தை இல்லை. தலைக்குள்ளேயே வெடித்த மாதிரி. ஆனால் கண்ணைத் திறந்ததும் சக்கரத்தைத் திருப்பினேன். எதிரொலி இருந்தது! யாருக்கும் முன்னால் நான் சொன்னேன். இரண்டாம் முறை குண்டு போட்டார்கள். அப்போதும் கழற்றவில்லை.

நீர்மூழ்கி செத்ததா, அது நீர்மூழ்கிதானா என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. எண்ணெய் மிதக்கவில்லை. மீன்கள்தான் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சமையல்காரர் வாளி கட்டி இழுத்து மதியம் மீன் குழம்பு வைத்துவிட்டார். லெப்டினன்ட் என்னிடம் “நல்ல வேகம்” என்றார். ஏகாம்பரம் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எரியட்டும்.

மார்ச் 16

வலது காதுக்குள் ஒரு வண்டு. சுக்குத் தைலம் இரண்டு சொட்டு.

ஏப்ரல் 5. ஏடன்

அப்பா கொடுத்த கைக்கடிகாரம் நின்றுவிட்டது. காதில் வைத்துப் பார்த்தேன், ஓடவில்லை. உப்புக் காற்று. குலுக்கிச் சாவி கொடுத்தேன். நேரம் என்னவோ சரியாகத்தான் காட்டுகிறது. விசித்திரமான கடிகாரம்.

ஏடனில் தண்ணீரும் உப்பு, தேநீரும் உப்பு.

ஏப்ரல் 22

ஒரு நல்ல செய்தி. ஏகாம்பரம் விசிலடிப்பதை நிறுத்திவிட்டான். நான் முறைத்த முறைப்பு வேலை செய்திருக்கிறது.

மே 11. பம்பாய், கொதிகலன் பழுதுபார்ப்பு

கப்பலில் எல்லாரும் முணுமுணுக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயை அசைக்கிறார்கள், நான் “என்ன?” என்றால் “ஒன்றுமில்லை” என்று கை அசைக்கிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். தூண்டிவிடுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் என்னிடம் மட்டும் கத்திப் பேசுகிறான், பட்டிக்காட்டானிடம் பேசுகிற மாதிரி. எங்கே நின்றாலும் சுற்றி வந்து என் இடது பக்கத்தில் நின்றுகொள்கிறான். அணிவகுப்பில் அது மூத்தவன் நிற்கிற இடம் என்று நினைப்பு.

பின்தளத்தில் ஆழக்குண்டுகளுக்குப் பொறுப்பான பெட்டி ஆபீசர் குஞ்ஞம்பு என்னைப் பிடித்து, “எடோ, ஒங்க கூட்டுக்காரன்கிட்ட சொல்லு. காலையில தொடங்கினா அந்த விசில் நிக்காது. மனுசனுக்கு ஒறங்க வேண்டாமா?” என்றார். கண்ணூர்க்காரர், வெடிச் சத்தத்திலேயே வாழ்ந்து அவருக்குப் பாதி செவிடு. எந்த விசிலோ அவர் காதுக்குள்ளே அடிக்கிறது, பாவம்.

ஜூன் 19. சென்னையிலிருந்து சிட்டகாங்குக்கு

பருவமழை. கப்பல் முப்பது டிகிரி சாய்கிறது. சோறு தட்டில் நிற்பதில்லை. கையில் உருட்டி விழுங்கிவிட்டு ஓட வேண்டும்.

ஏகாம்பரத்தின் தொல்லை எல்லை மீறிவிட்டது. அவன் முறை முடிந்த பிறகும் அறையை விட்டுப் போவதில்லை. அதிகாரிக்கென்று தொங்குகிற இரண்டாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே நிற்கிறான்.

“போய்த் தூங்கு டே” என்றேன்.

“கீழ ஒரே வாந்தி நாத்தம்பா. இங்க காத்தாட நிக்கிறேன். உனுக்கு இன்னா?” என்று கத்தினான்.

அந்த அறையில் காற்றா? ஒரு ஆள் மூச்சுவிடத்தான் இடம். நான் தவறுவதைப் பிடிக்கக் காத்திருக்கிறான்.

ஜூலை 8. வங்காள விரிகுடா

கிடைத்துவிட்டது! முறையாக எழுதுகிறேன்.

என் முறை. சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஏகாம்பரம் என் முக்காலியை உதைத்தான். சண்டைக்குத் திரும்பப் போனேன். சக்கரம் நின்ற திசையிலேயே நின்றது. உற்றுக் கேட்டால், மெல்லிசாக, மிக மெல்லிசாக, ஓர் எதிரொலி. “எக்கோ!” என்றேன். லெப்டினன்ட் ஓடிவந்து, “நெருங்குகிறதா, விலகுகிறதா?” என்றார். “விலகுகிறது” என்றேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஏகாம்பரம் அப்போது உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் தாழ்த்திக்கொண்டு நின்றான், நான் சொல்வதையே அவனும் சொல்கிற மாதிரி. காப்பி அடிக்கிறவன்.

விலகிக்கொண்டுதான் இருந்தது. குண்டுகள் போட்டோம். வழக்கம்போல் நான் கழற்றப் போவதில்லை என்றிருந்தேன். வெடிக்கிற நேரத்தில் அந்தப் பாவி என் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கிவிட்டான். லெப்டினன்ட் கண் முன்னால்! பொறாமை முற்றினால் மனிதன் இப்படியெல்லாம் செய்வான்.

ஆனாலும் இந்த முறை எண்ணெய் மிதந்தது. கான்வாய்க் கப்பல்கள் எல்லாம் சங்கு ஊதின என்றார்கள்.

ஜூலை 20. கல்கத்தா

லீடிங். நங்கூரத்தை நானே சட்டையில் தைத்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது, வலிக்கவில்லை. ஏகாம்பரம் வந்து கை குலுக்கினான். அவன் முகத்தில் ஒரு துளி பொறாமைகூட இல்லை. எவ்வளவு கெட்டிக்கார நடிகன்.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள் என்று குஞ்ஞம்புவின் ஆட்களில் இரண்டு கொச்சிக்காரர்கள் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நாங்கள் வேறு சபை. இருந்தாலும் என்னைப் பாடச் சொன்னார்கள். பாடினேன். ஏதோ சரியில்லை போலிருக்கிறது, எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் மட்டும் முடிந்ததும் கை தட்டினான். அவனை அடித்தால் என்ன என்று தோன்றியது.

செப்டம்பர் 12. திரிகோணமலை

ஏகாம்பரத்துக்கு மலேரியா. கரையில் ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுப் புறப்பட்டோம். படகில் இறக்கும்போது குளிரில் பல் அடித்துக்கொண்டே என் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். காற்றில் சரியாக விளங்கவில்லை. “சரி சரி, போ” என்றேன்.

கடைசியில் அறை என்னுடையது. அவனுக்குப் பதில் ரத்னகிரியிலிருந்து வந்த சாவந்த் என்ற புதியவன். என் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. சுகம்.

செப்டம்பர் 19

என் முறையில் உப்புக் கப்பல் போய்விட்டது.

செப்டம்பர் 21

எழுதாமல் இருக்க முடியவில்லை.

தூத்துக்குடி உப்பு ஏற்றிக் கல்கத்தாவுக்குப் போன கப்பல். பிற்பகல், வெயில், கடல் எண்ணெய் தடவிய மாதிரி அமைதி. நான் கருவியில் இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. சத்தியமாக எதுவும் கேட்கவில்லை. திடீரென்று அறையே குலுங்கியது. வெளியே ஓடிவந்தால் வரிசையின் நடுவில் கரும்புகை. டார்பிடோ. தேநீர் கொதிக்கிற நேரத்துக்குள் கப்பல் முங்கிவிட்டது. அடித்தளத்தில் கரி அள்ளிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் மேலே வரவில்லை.

நாங்கள் சுற்றிச் சுற்றித் தேடினோம். சாவந்துக்கும் கிடைக்கவில்லை. தப்பியவர்களைத் தூக்கி ஏற்றினோம். கம்பளியும் தேநீரும் கொடுக்க என்னையும் அனுப்பினார்கள். அதில் ஒருவர் புன்னைக்காயல்காரர். என் பேச்சைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி திருநவேலிப் பக்கமா?”

“ஆமா அண்ணாச்சி.”

“ஒங்க கப்பல்ல தண்ணிக்குள்ள உள்ளதக் கேக்க மிசினு உண்டும்னாவளே. அது கேக்கலியா தம்பி? எம் மச்சான் கீழ கெடந்தான்.”

அவர் என் இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

செப்டம்பர் 22

லெப்டினன்ட் கூப்பிட்டு விசாரித்தார். சத்தமாக, தெளிவாகத்தான் பேசினார், கோபமும் இல்லை. ஆற்று நீர் கலக்கிற கடலில் ஒலி வளைந்து போய்விடும், எவ்வளவு நல்ல காதும் அங்கே ஏமாறும், “உன் தவறு இல்லை” என்று சொல்லி, அறிக்கையிலும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். நான் தலையாட்டினேன்.

பிறகு படுக்கையில் கடிகாரத்தை வலது காதில் வைத்தேன். நின்றிருந்தது. இடது காதுக்கு மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வலது. நின்றிருந்தது. கடிகாரத்தில் விநாடி முள் நிற்காமல் சுற்றுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வைத்தேன்.

செப்டம்பர் 23

தளம் கழுவினேன்.

செப்டம்பர் 30

யாரிடமும் சொல்லவில்லை. நங்கூரம் கையில் இருக்கிறது. ஆற்று நீர் என்று அதிகாரியே எழுதிவிட்டார். இடது காது கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 4. திரிகோணமலை

ஏகாம்பரம் திரும்பிவிட்டான். பாதி ஆளாக இளைத்திருந்தான். உப்புக் கப்பல் செய்தி அவனுக்கு முன்பே எட்டியிருந்தது. கயிறு வைக்கிற அறையில் அவனைப் பிடித்து நிறுத்தினேன்.

“எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?”

எது என்று அவன் கேட்கவில்லை. “மீன் கொழம்பு வச்ச அன்னிக்கே. உன் காதாண்ட ரத்தம் கோடு மாரி இருந்துச்சி. நீ சட்டக் கையில தொடச்சிகினே சாப்ட்டுகினு இருந்த.”

“சொல்லாம ஏம்ல மறச்ச?”

“இன்னான்னு சொல்வேன்? சொன்னா உன்ன எறக்கி ஊருக்கு அனுப்சிருவாங்க. உனுக்கு அத்த உட்டா வேற இன்னா இருக்குது? நான் நின்னுகினா போதும்னு நெனச்சேன். ஒரு சீட்டுக்கு ரெண்டு பேரு, அவ்ளோதானே.” என் இடது காதருகே வந்தான். “இன்னொன்னும் கீது. பள்ளியில நீ எல்லாத்தயும் கரெக்டா சொன்ன. ராத்திரி தூக்கம் வராம கெடந்தேன், தெரியுமா? அவ்ளோ வயித்தெரிச்சல். அந்தக் காது போவட்டும்னு நானே நெனச்சிருக்கேன். நெஜமா போயிருச்சி. அப்றம் எப்டி உன்ன காட்டிக் குடுப்பேன்?”

“படகுல எறங்கும்போ என்னமோ சொன்னியே?”

“உக்காராத, நான் வர்ற வரைக்கும் உக்காராதன்னு சொன்னேன்.”

கயிற்றுச் சுருள்மேல் எனக்கும் இடம் விட்டு உட்கார்ந்தான். பிறகு அவன், “போனது போச்சி. இனிமே உன் பக்கத்தவுட்டு நவுர மாட்டேன். உட்டுடு அருளு” என்றான்.

விட்டிருக்கலாம். ஆனால் ஜூலையில் பிடித்த நீர்மூழ்கி அவனுடையது. சங்கு ஊதியது அவனுக்கு. என் சட்டையில் இருப்பது அவனுடைய நங்கூரம். இத்தனை மாதம் எவன்மேல் எரிந்துகொண்டிருந்தேனோ அவன் என்னைச் சுமந்துகொண்டிருந்தான் என்பது, அவன் என்னைத் தோற்கடித்ததைவிட அதிகமாக வலிக்கிறது. புன்னைக்காயல்காரரின் மச்சான் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடக்கிறான்.

அக்டோபர் 5

லெப்டினன்ட் பிரைஸிடம் சொன்னேன். வலது காது கேட்காது, மார்ச்சிலிருந்து. ஹெட்போனைக் கழற்றவில்லை, அதனால். உப்புக் கப்பலின்போதும் கேட்கவில்லை. ஆறும் இல்லை, நீரும் இல்லை.

அவர் பேனாவை மூடிவைத்தார். “இது வேறு யாருக்காவது தெரியுமா?” என்றார்.

“ஒருவருக்கும் தெரியாது, சார்.”

உபதேசியார் மகன் சொன்னால் நம்புவார்கள்.

அக்டோபர் 6

பிளேடால் நங்கூரத்தைப் பிரித்தெடுத்தேன். சட்டையில் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் இருக்கிறது. ஊருக்கு அனுப்பத்தான் டாக்டர் எழுதினார். குஞ்ஞம்பு போய், “எனிக்கு ஆள் வேணும். செவி எதுக்கு? கையல்லே வேண்டது?” என்று சண்டை போட்டு என்னைப் பின்தளத்துக்கு வாங்கிக்கொண்டார். இனி ஆழக்குண்டு உருட்டுகிற வேலை.

லீடிங் இனி ஏகாம்பரம். நங்கூரத்தை அவன் சட்டையில் நானே தைத்தேன். அவனுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. தைத்து முடித்ததும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சல் தாங்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 2

அவனிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறேன். அஸ்டிக் அறையின் பின்பக்கம் சின்ன ஜன்னல் உண்டு. பின்தளத்திலிருந்து பார்த்தால் தெரியும். குண்டு போடுகிறபோதெல்லாம் ஹெட்போனைக் கழற்றி அந்த ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் காட்ட வேண்டும்.

“யோவ், சண்ட நடக்கும்போது ஜன்னல்ல துணி காயப்போடச் சொல்றியா?” என்றான்.

“நீட்டலன்னா மேல வந்து ஒதப்பேன் பாத்துக்க.”

நவம்பர் 23. வங்காள விரிகுடா

உப்புக் கப்பல் போன அதே கடல். மதியம் அபாய மணி. அது எனக்குக் கேட்கவில்லை. குஞ்ஞம்பு தோளில் அடித்தார்.

மேலே எதிரொலியைப் பிடித்தவன் ஏகாம்பரம். கப்பல் திரும்பிய வேகத்திலேயே தெரிந்தது, நல்ல எதிரொலி, தெளிவாகக் கேட்டிருப்பான். சுருதி ஏறியிருக்கும். அந்த ஏறுகிற சுருதியை இனி ஒருநாளும் நான் கேட்கப் போவதில்லை. அந்த முக்காலியில் அவன் இருப்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அது போகும் என்று நான் நினைக்கவில்லை.

குஞ்ஞம்பு கை இறக்கினார். நெம்புகோலை இழுத்தேன். பீப்பாய் உருண்டு கடலில் விழுந்தது. விழுந்ததற்கும் வெடிப்பதற்கும் நடுவே கொஞ்சம் நேரம் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் திரும்பி ஜன்னலைப் பார்த்தேன்.

ஒன்றுமில்லை. கண்ணாடியில் வெயில்தான் இருந்தது. அவனும் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறான், எல்லாருக்கும் முன்னால் பிடித்துவிட வேண்டும் என்று. எனக்குத் தெரியாதா அந்த ஆசை?

“ஏகாம்பரம்! கழத்து டே!” என்று கத்தினேன். அவ்வளவு தூரம் கேட்காது என்று தெரிந்தும் தொண்டை கிழியக் கத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை வந்தது. ஹெட்போன் அதில் தொங்கி ஆடியது. நங்கூரம் தைத்த கை.

பிறகு கடல் வெடித்தது.